குருதியுறைவும் ஊசித்துளையும்: நல்லூர் மருத்துவ மரபின் வழி ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழரின் மருத்துவ வரலாறு என்றதும் நூற்பெயர்களையும் மன்னர் பெயர்களையும் நிரல்பட எழுதுவதே பெரும்பாலும் வழக்காயிருந்து வந்துள்ளது. சித்த மருத்துவம் பற்றி எழுதுவோர் நல்லூர் அரசவையோடு நின்றுவிடுகின்றனர். மேலை மருத்துவம் பற்றி எழுதுவோர் மானிப்பாயிலே தொடங்குகின்றனர். இரண்டும் ஒரே மண்ணில், ஒரே மக்கட் கூட்டத்தின் நோயையும் அந்நோயைத் தீர்க்கும் முயற்சியையும் பற்றியன என்பது மறந்துபோகின்றது. இக்கட்டுரையில் நாம் ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொண்டு, இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்க முயல்கின்றோம். ஓட வேண்டிய குருதி குழாயினுள்ளே உறைந்து, கட்டியாகி, உயிருக்கு ஊறு விளைப்பதே அந்நோய். அதனை நீக்குதற்கும் வராது தடுத்தற்கும் இன்று கையாளப்படும் முறைகளுட் பல, உடலை அகலக் கீறாது, ஊசித்துளை ஒன்றின் வழியே குருதிக்குழாயினுட் புகுந்து செய்யப்படுவன.

துளை சிறிது. ஆயின் அத்துளையின் பின்னே நிற்கும் அறிவும் நிறுவனமும் பாதையும் மொழியும் சிறியனவல்ல. இவற்றுள் ஒன்று அறுந்தாலும் கருவி பயனற்றதாகின்றது. யாழ்ப்பாணத்தின் மருத்துவ வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாக அமைகின்றது என்பதே எமது கருத்தாகும்.

1. நோயும் சமுதாயமும்

காயம்பட்ட இடத்திற் குருதி உறைதல் உயிர்காக்கும் செயல். அதே செயல் முழுமையான குழாயினுள்ளே நிகழும்போது உயிர்கொல்லியாகின்றது. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகளில் உறைவு ஏற்படின் மாரடைப்பு, பக்கவாதம், கை கால் அழுகுதல் என்பன விளைகின்றன. குருதியை இதயத்துக்கு மீட்டுக் கொணரும் நாளங்களில், சிறப்பாகக் காலின் ஆழ்நாளங்களில், உறைவு ஏற்படின் கால் வீங்கி நோகும். அக்கட்டியின் ஒரு பகுதி பிரிந்து, வயிற்றின் கீழ்ப்பெருநாளத்தின் வழியே வலது இதயத்தை அடைந்து, அங்கிருந்து சுவாசப்பை நாடியிற் சென்று அடைத்துக்கொள்ளுமாயின் நோயாளி திடீரென மூச்சுத் திணறிச் சில நிமிடங்களிலோ சில மணித்தியாலங்களிலோ இறத்தல் கூடும். நோய் காலிலே, மரணம் நெஞ்சிலே. இவ்விரண்டையும் ஒரே நோயென இணைத்தறிவதற்கு மருத்துவ உலகுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காலம் தேவைப்பட்டது.

இணைத்துக் காட்டியவர் ஜேர்மனிய அறிஞர் ருடோல்ஃப் வியர்கோ. 1840களில் தொடங்கிய தமது ஆய்வுகளை அவர் 1856 இல் தொகுத்து வெளியிட்டார். குருதியின் ஓட்டம் தளர்தல், குழாய்ச் சுவர் ஊறுபடல், குருதியின் இயல்பு மாறல் என இன்று மாணவர் கற்கும் மூன்று காரணங்களும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. இவரே 1848 இல், மேற்சிலேசியா என்னும் வறிய பிரதேசத்திற் பரவிய தொற்றுக் காய்ச்சலை ஆராயச் சென்று, அந்நோய்க்கு மருந்து கல்வியும் சுதந்திரமும் வறுமையொழிப்புமே என்று அறிக்கை எழுதியவர். மருத்துவம் ஒரு சமுதாய விஞ்ஞானம் என்னும் கொள்கையை வலியுறுத்தியவரும், குருதிக்கட்டியின் வழியைக் கண்டறிந்தவரும் ஒருவரேயாதல் மனங்கொள்ளத்தக்கது.

அவர் கூறிய காரணங்களுள் முதலாவது, ஓட்டந் தளர்தல், எவ்வாறு சமுதாய நிலைமைகளோடு தொடர்புறுகின்றது என்பதற்கு இரண்டாம் உலகப்போர் காலத்துச் சான்றொன்று உண்டு. 1940 இல் இலண்டன் நகர் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானபோது மக்கள் இரவு முழுவதும் புகலிடங்களிற் சாய்நாற்காலிகளில் அசையாது அமர்ந்திருந்தனர். அவ்வாண்டு கீத் சிம்சன் என்னும் மருத்துவர், சுவாசப்பை நாடியடைப்பால் நேர்ந்த திடீர் மரணங்கள் முந்திய ஆண்டின் அதே காலப்பகுதியோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ ஆறு மடங்காகியுள்ளதைக் கண்டு எழுதினார். நாற்காலியின் முன்விளிம்பு தொடையை அழுத்த, குருதி தேங்கியமையே காரணம் என அவர் கருதினார். குண்டு படாமலே குண்டுவீச்சினால் இறந்தவர் அவர்கள். பதுங்கு குழிகளிற் குந்தியிருந்து விடியலை எதிர்பார்த்த இரவுகளை அறிந்த நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

2. நல்லூர் அரசவையும் அட்டையும்

யாழ்ப்பாண அரசின் தலைநகராக நல்லூர் விளங்கிய காலத்தில், ஆரியச் சக்கரவர்த்திகள் பரராசசேகரன், செகராசசேகரன் என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்து ஆண்டனர். அப்பட்டங்களின் பெயரால் வழங்கும் பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள், நோய்களைப் பகுத்து அவற்றின் குறிகளையும் மருந்துகளையும் செய்யுளிற் கூறுவன. ஏட்டுச் சுவடிகளில் வைத்தியக் குடும்பங்கள் வழிவழியாகப் பேணி வந்த இவற்றை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையபிள்ளை அச்சிற் கொணர்ந்தார். 1619 இல் போர்த்துக்கேயர் நல்லூரைக் கைப்பற்றி அரசை வீழ்த்தினர். அரசு வீழ்ந்தது, அதன் பெயர் தாங்கிய மருத்துவ நூல் வீழவில்லை. நிறுவனம் அழிந்த பின்னும் மக்களின் மொழியிலிருந்த அறிவு மக்களிடையே தங்கிநின்றது என்பது இங்குக் கருதற்பாலது.

பழைய மருத்துவத்தைப் போற்றுவோர் இன்றைய கண்டுபிடிப்புகள் யாவும் அதிலே உண்டென்பர். அது வரலாற்று முறையாகாது. நாளத்தினுள் உறையும் கட்டி சுவாசப்பைக்குச் செல்லும் என்பதை வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் கோட்பாட்டினுள் வைத்துக் கண்டறிதல் இயலாது; அதற்குப் பிணக்கூற்றாய்வு வேண்டியிருந்தது. அதே வேளை, பழைய மருத்துவத்தில் எதுவுமில்லை எனத் தள்ளுவதும் முறையன்று. தேங்கிய குருதியை அகற்றுதற்குச் சித்த மருத்துவர் கையாண்ட முறைகளுள் அட்டை விடுதலும் ஒன்று. அட்டை கடித்த வாயிற் குருதி நெடுநேரம் உறையாது கசிவதை அவர்கள் நேரிற் கண்டவர்கள். 1884 இல் ஜோன் ஹேக்ராஃப்ற் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், அட்டையின் வாய்ச்சுரப்பிலே குருதியுறைதலைத் தடுக்கும் பொருளொன்று உண்டெனக் காட்டினார். ஹிருடின் எனப் பெயர் பெற்ற அப்பொருளின் அமைப்பைப் பின்பற்றி ஆக்கப்பட்ட பிவாலிருடின் என்னும் மருந்து, இன்று இதய நாடியினுட் குழாய் செலுத்திச் செய்யும் சிகிச்சைகளின்போது கட்டி உண்டாகாமற் காக்கப் பயன்படுகின்றது.

பாம்புக்கடி மருத்துவமும் இத்தகையதே. நம்மவர் புடையன் என வழங்கும் கண்ணாடி விரியனின் நஞ்சு, குருதியை உறையச்செய்யும் பொருள்களை எரித்து முடித்து, ஈற்றிற் குருதியே உறையாத நிலையை ஏற்படுத்துகின்றது. இலங்கையின் மருத்துவமனைகளிற் கடியுண்டவரின் குருதியைக் கண்ணாடிக் குழாயில் இட்டு 20 நிமிடம் அசையாது வைத்து, பின் சரித்துப் பார்த்து, உறைந்ததா இல்லையா என அறிவர். மின்சாரமோ இயந்திரமோ வேண்டாத சோதனை இது. யாழ்ப்பாணத்தின் வறண்ட கரையோரங்களில் வாழும் சுருட்டை விரியனின் நஞ்சிலுள்ள புரதமொன்றை மாதிரியாகக் கொண்டு, குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது தடுக்கும் திரோஃபிபான் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. 1998 இல் அமெரிக்காவிற் பயன்பாட்டுக்கு வந்தது. நம் காலடியில் ஊரும் பாம்பின் நஞ்சு பிறநாட்டு ஆய்வுகூடத்தில் மருந்தாகி, விலைகூடிய பொருளாக மீள வருகின்றது. மூலப்பொருள் ஓரிடத்தும் ஆய்வுகூடம் வேறிடத்தும் அமைந்த இவ்வமைப்பு தற்செயலானதன்று என்பதை வரலாறு கற்போர் அறிவர்.

3. 1848: மானிப்பாயும் வண்ணார்பண்ணையும்

நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலரும் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனும் ஒரே ஆண்டில், 1822 இல், பிறந்தவர்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாயிலே மருத்துவப் பணியையும் மாணவர் பயிற்சியையும் தொடங்கினார். அதே 1848 இல் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒருவர் அமெரிக்க மிசனைச் சேர்ந்தவர். மற்றவர் மிசனரிமாரின் சமயப் பிரசாரத்தை எதிர்த்து நின்றவர். சமய நோக்கில் இவர்கள் எதிரெதிர் முகாமினர். ஆயினும் சமயத்துக்கு அப்பால் நின்று நோக்கும்போது இருவரும் ஒரே வரலாற்றுத் தேவைக்கு விடையிறுத்தனர் எனலாம்: அச்சு இயந்திரம் வந்துவிட்ட காலத்தில், செய்யுளிலிருந்து உரைநடைக்கு அறிவை மாற்றித் தருதலே அத்தேவை. நாவலர் அதனைச் சமயத்திலும் இலக்கியத்திலும் செய்தார். கிறீன் மருத்துவத்திற் செய்தார்.

தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த கிறீன், 1864 முதல் தமிழிலே கற்பிக்கலானார். ஆங்கிலங் கற்ற மருத்துவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்ல, கிராமத்தார் மருத்துவரின்றி நின்றமை அம்மாற்றத்துக்கான காரணங்களுள் ஒன்று. அவரும் அவர்தம் மாணாக்கரும் இணைந்து மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கினர். இரண வைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன 1872 இலும், கெமிஸ்தம் 1875 இலும் வெளிவந்தன. 1873 இல் நாடு திரும்பிய பின்னும் அவர் இப்பணியை விடவில்லை. மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அட்டையின் வாய்ச்சுரப்பு பற்றிய ஆய்வு வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

இந்நூல்களின் பெயர்களே ஒரு கொள்கையைக் காட்டுகின்றன. உடலமைப்பியலுக்கும் உடற்றொழிலியலுக்கும் இம்மண்ணில் ஏலவே வழங்கிய சொற்களைக் கொண்டு பெயர் அமைத்தனர். இரசாயனத்துக்கு உரிய சொல் பொருந்தாதெனக் கண்ட இடத்தில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்பத் திரித்துக் கெமிஸ்தம் என்றனர். தூய்மையும் இரவலும் அவர்களுக்குக் கொள்கைப் பிணக்காகத் தோன்றவில்லை. நோயாளிக்கும் மாணவனுக்கும் விளங்குதலே அளவுகோலாயிற்று. வியர்கோ பேர்லினிற் குருதிக்கட்டி பற்றி ஆராய்ந்த காலத்திற்கும், தமிழில் இரண வைத்தியம் வெளிவந்த காலத்திற்கும் இடையே சில ஆண்டுகளே உள்ளன. கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியதே 1870 இல் தான். இவ்வாறு உலக அறிவோடு ஏறத்தாழ உடன்நடந்த ஒரு தமிழ் மருத்துவக் கல்வி, கிறீனுக்குப் பின் தொடர்ந்து வளரவில்லை. குடியேற்ற ஆட்சியில் உத்தியோகமும் சம்பளமும் ஆங்கிலத்தோடு பிணைந்திருந்தன. நூல்கள் இருந்தன, அவற்றைக் கற்பார்க்கு வாழ்வு இருக்கவில்லை. தொடர் அறுந்த முதலிடம் இதுவாகும்.

4. ஊசித்துளையின் வரலாறு

மானிப்பாயில் அறுந்த தொடர் மேலைநாடுகளில் அறாது வளர்ந்தது. குருதிக்கட்டியை நீக்கும் முயற்சி முதலில் நெஞ்சைப் பிளந்து செய்வதாகவே இருந்தது. 1908 இல் ஜேர்மனியைச் சேர்ந்த திரெண்டெலன்பேர்க் சுவாசப்பை நாடியைத் திறந்து கட்டியை எடுக்கும் சத்திரசிகிச்சையை வகுத்தார். அவருடைய நோயாளிகள் பிழைக்கவில்லை. 1924 இல் கிர்ஷ்னர் என்பவரே முதன்முதலில் ஒருவரைப் பிழைக்கவைத்தார். 

மருந்து மற்றொரு வழியைத் திறந்தது. 1916 இல் ஜே மக்லீன் என்னும் அமெரிக்க மாணவர் ஈரலிலிருந்து பெற்ற பொருள் பற்றிச் செய்த ஆய்வே ஹெப்பாரின் மருந்துக்கு வித்திட்டது. வட அமெரிக்கப் பண்ணைகளிற் பூஞ்சணம் பிடித்த தீவனத்தை உண்டு குருதி கசிந்து மாண்ட மாடுகளைப் பற்றிய ஆராய்ச்சி வோபரின் மருந்துக்கு வழிவகுத்தது. எலிப்பாசாணமாக முதலில் விற்கப்பட்ட அது 1954 இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. இவை கட்டியைக் கரைப்பனவல்ல. மேலும் வளராது தடுப்பன. 1960 இல் பிரித்தானியாவின் பிறிஸ்ரல் நகரில் நடந்த ஆய்வொன்றில், சுவாசப்பை நாடியடைப்புக்கு இத்தகைய மருந்து பெறாத 19 பேருள் 5 பேர் அந்நோயால் இறந்தனர். பெற்ற 16 பேருள் ஒருவரும் அதனால் இறக்கவில்லை. கட்டியைக் கரைக்கும் ஆற்றல் ஸ்ரெப்டோகைனேசுக்கு உண்டு. 1933 இல் அறியப்பட்ட இப்பொருள் நச்சுக்கிருமியொன்றிலிருந்து பெறப்பட்டது. ஆயின் உடலெங்கும் பரவும் அது, மூளை முதலிய இடங்களிற் குருதிப்பெருக்கை ஏற்படுத்தும் ஆபத்தும் உடையது. கட்டி இருக்கும் இடத்துக்கே மருந்தைக் கொண்டுசெல்ல இயலாதா என்னும் வினா இவ்வாறே எழுந்தது.

அவ்வினாவுக்கான விடை பல கைகளிலிருந்து வந்தது. 1929 இல் ஜேர்மனியின் சிற்றூரொன்றிலே பணிபுரிந்த இளம் மருத்துவர் ஃபோஸ்மான், தம் கையின் நாளத்தினூடே கதீற்றர் என்னும் நுண்குழாயைத் தாமே செலுத்தி, அது இதயத்தை அடைந்தமையை எக்ஸ் கதிர்ப் படத்தாற் காட்டினார். அன்று ஏளனத்துக்கு ஆளான அவருக்கு 1956 இல் நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. 1953 இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் எளியதோர் ஒழுங்கைக் கூறினார்: ஊசியாற் குழாயைத் துளைத்தல், ஊசியினூடே மெல்லிய கம்பியைச் செலுத்தல், ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேலாகக் கதீற்றரை உள்நுழைத்தல். இன்று நடைபெறும் இவ்வகைச் சிகிச்சைகளுட் பெரும்பாலானவை இம்மூன்று அடிகளிலேயே தொடங்குகின்றன.

1963 இல் அமெரிக்கரான தோமஸ் ஃபோகாற்றி, நுனியிற் சிறு பலூன் பொருத்திய கதீற்றரை அறிமுகஞ் செய்தார். கையுறையின் விரற்பகுதியை வெட்டி, தூண்டில் கட்டுவோர் இடும் முடிச்சால் அதனைக் குழாயோடு பிணைத்து அவர் முதற் கருவியை ஆக்கினார். பலூனைச் சுருக்கிய நிலையிற் கட்டியைக் கடந்து செலுத்தி, பின் ஊதி, இழுத்தெடுத்தால் கட்டியும் உடன் வரும். 1964 இல் சார்ள்ஸ் டொற்றர், காலை வெட்ட மறுத்த 82 வயது மூதாட்டியின் தொடை நாடியினைக் கதீற்றராலேயே விரித்தார். அவர் தம் காலால் நடந்தார். 1977 இல் சூரிச் நகரில் குறுன்சிக் இதய நாடியினைப் பலூனால் விரித்தார். கட்டி இருக்குமிடத்திலேயே கரைப்பு மருந்தைச் சொரிதல், கதீற்றரால் உறிஞ்சியெடுத்தல் என்பன பின்னர் வளர்ந்தன. 2015 இல் வெளியான ஆய்வுகள், பெரிய மூளை நாடியடைப்பினால் வரும் பக்கவாதத்திற் கதீற்றர் வழியே கட்டியை மீட்டெடுத்தல் ஊனத்தைக் குறைக்கின்றது என நிறுவின.

வருமுன் காக்கும் கருவியும் இவ்வழியே வந்தது. காலிலிருந்து பிரியும் கட்டி நெஞ்சை அடையாவண்ணம் கீழ்ப்பெருநாளத்தில் வைக்கப்படும் கம்பி வடிகட்டியே அது. 1973 இல் அறிமுகமான கிறீன்ஃபீல்ட் வடிகட்டியின் கூம்பு வடிவத்தை வகுத்ததில், எண்ணெய்க் குழாய்களின் கசடு அகற்றும் அமைப்பினை அறிந்த பொறியியலாளர் ஒருவர்க்கும் பங்குண்டு. கட்டி கூம்பின் நடுவே சிக்கிக்கொள்ள, விளிம்பினூடே குருதி தொடர்ந்து ஓடும். தூண்டிற்காரனின் முடிச்சும் எண்ணெய்த் தொழிலாளியின் வடிகட்டியும் மருத்துவத்திற் புகுந்தமை, அறிவு என்பது பட்டம் பெற்றோரின் தனியுடைமையன்று, உழைப்பிலிருந்து பிறப்பது என்பதற்கு எடுத்துக்காட்டாகும்.

5. கருவியும் அளவும்

புதிய கருவி யாவும் முன்னேற்றமே எனக் கொள்ளுதல் மற்றொரு மூடநம்பிக்கை. 1998 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று 400 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு வடிகட்டி பொருத்தியது. சுவாசப்பை நாடியடைப்புக் குறைந்தது. ஆனால் இரண்டாண்டுகளிற் காலிலே மீண்டும் உறைவு ஏற்படுதல் கூடியது. இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. மீட்டெடுக்கத்தக்க வடிகட்டிகள் வந்த பின், செல்வந்த நாடுகளில் அவை பெருந்தொகையாகப் பொருத்தப்பட்டன. பலவற்றை மீட்டெடுக்க எவரும் நினைக்கவில்லை. உடைந்த கம்பிகள் இதயம் வரை சென்ற நிகழ்ச்சிகளும் உண்டு. 2010 இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், தேவை தீர்ந்ததும் வடிகட்டியை எடுத்துவிடுமாறு மருத்துவரை எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2017 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, காலின் ஆழ்நாள உறைவைக் கதீற்றராற் கரைத்து அகற்றுவதனால் பிற்காலக் கால்வீக்க நோய் வரும் அளவு குறையவில்லை எனவும், குருதிப்பெருக்கு ஆபத்துக் கூடியது எனவும் காட்டியது. வணிகத்தின் வேகமும் தேவையின் அளவும் ஒன்றல்ல என்பதே இவற்றின் பாடம்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்றும் நோக்கற்பாலது. இலண்டனிற் பணிபுரிந்த இந்திய வமிசாவளியினரான சத்திரசிகிச்சையாளர் விஜய் கக்கார் தலைமையில் நடந்து 1975 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 4,000 க்கு மேற்பட்டோரை ஆராய்ந்தது. சிறிதளவு ஹெப்பாரினைத் தோலின் கீழ் ஊசியால் ஏற்றப்பெற்றவர்களுள் சுவாசப்பை நாடியடைப்பால் இறந்தோர் இருவர். பெறாதவர்களுள் பதினாறு பேர். கதீற்றர் இல்லை, எக்ஸ் கதிர் அறை இல்லை. தோலின் கீழ் ஓர் ஊசி மட்டுமே. சத்திரசிகிச்சையின் பின் நோயாளியைக் காலதாமதமின்றி எழுப்பி நடக்கவைத்தலும் இத்தகையதே. எவ்வூர் மருத்துவமனையிலும் செய்யத்தக்கவை இவை. கதீற்றர் அறை வேண்டாமென்பது எமது கருத்தன்று. உயிர் ஊசலாடும் நோயாளிக்கு அது வேண்டும். அதற்கு முந்திய படிகளிலே தவறியவர்களை மீட்பதற்காக வேண்டும். ஆயின் படிகளின் ஒழுங்கை மறந்து உச்சிப்படியை மட்டும் கட்டுதல் அறிவுடைமையன்று.

6. அறுந்த பாதை

யாழ்ப்பாண நகரின் பெரிய மருத்துவமனை, 1850 இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக்கின் முயற்சியால் அறச் சங்கமொன்றின் மருத்துவமனையாகத் தொடங்கியது. 1907 இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. 1974 இல் திருநெல்வேலியில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் அமைந்தது. பழைய தலைநகரின் பெயரைத் தாங்கும் நல்லூர்ப் பிரதேசப் பிரிவினுள் அமைந்த ஊரே திருநெல்வேலி. 1978 இல் மருத்துவ பீடம் தோன்ற, நகர மருத்துவமனை அதன் போதனா மருத்துவமனையாயிற்று. மானிப்பாயில் அறுந்த மருத்துவக் கல்வி ஒரு நூற்றாண்டின் பின் நல்லூரின் அயலிலே மீளத் தளிர்த்தது எனலாம்.

தளிர்த்த காலமே கருகும் காலமுமாயிற்று. குறுன்சிக் இதய நாடியினை விரித்ததற்கு அடுத்த ஆண்டு தோன்றிய இப்பீடம், கதீற்றர் மருத்துவம் உலகெங்கும் விரைந்து வளர்ந்த பத்தாண்டுகளைப் போரினுட் கழித்தது. 1987 ஒக்டோபர் 21, 22 ஆம் நாள்களில் இந்திய அமைதிப்படையினர் மருத்துவமனையினுட் புகுந்து சுட்டதில் மருத்துவர், தாதியர், ஊழியர், நோயாளர் என அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1990 இல் புகையிரதம் நின்றது. குடாநாட்டுக்கான பொருள்களுக்குத் தடை வந்தது. மருத்துவமனைச் சூழலைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பாதுகாப்பு வலயமாக்கிக் காக்க வேண்டியிருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தபோது நோயாளரும் பெயர்ந்தனர். கண்டி வீதி 2002 இல் திறந்தது. 2006 இல் மீண்டும் மூடியது. 2009 இல் போர் முடிந்த பின்னரே மீளத் திறந்தது. புகையிரதம் யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் அடைந்தது 2014 இல்.

இவ்வாண்டுகளை நாம் அரசியல் வரலாறாக மட்டும் எண்ணுதல் வழக்கம். குருதியுறைவு நோய்க்கு இவை மருத்துவ வரலாறே. மூளை நாடியடைப்பிற் காலம் நிமிடங்களாற் கணிக்கப்படுகின்றது. அடைபட்ட காலுக்குச் சில மணித்தியாலங்களே உண்டு. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பாதை திறந்திருந்த காலத்திலும் ஓர் இரவுப் பயணம் அது. பாதை மூடிய காலத்திற் கப்பலும் விமானமுமே வழியாகும். அவற்றுக்கும் அனுமதி வேண்டும். ஆதலின் தலைநகரில் ஒரு சிகிச்சை உண்டென்பது குடாநாட்டு நோயாளிக்கு உண்டென்பதாகாது. சிகிச்சைக்குரிய காலத்துள் எட்டும் தூரத்தில் இருப்பதே அவனுக்கு உள்ளது. மையத்திற் குவிந்த மருத்துவம் விளிம்பிலுள்ளோர்க்கு மறுக்கப்பட்ட மருத்துவமாகும். இது வடபுலத்துக்கு மட்டுமுரிய குறையன்று. மொனறாகலையின் சிங்கள உழவனும் மலையகத் தோட்டத் தொழிலாளியும் இதே தூரத்தை வேறு பெயரில் அறிவர்.

7. மொழியென்னும் வழி

எஞ்சியுள்ளது மொழி. நம் மாணவர் உயர்தர வகுப்பு வரை உயிரியலைத் தமிழிற் கற்கின்றனர். நாடி, நாளம், கீழ்ப்பெருநாளம் என்பன அவர்கள் பரீட்சையில் எழுதிய சொற்கள். மருத்துவ பீடத்தினுட் புகுந்ததும் ஆங்கிலம் அச்சொற்களின் இடத்தைக் கொள்கின்றது. உலக அறிவோடு உடன்செல்ல அது வேண்டியதே. அதனை எதிர்த்துப் பயனில்லை. ஆனால் நோயாளி அவ்வழி செல்வதில்லை. பிரசவித்துப் படுக்கையிற் கிடக்கும் பெண் ஒருத்தி, ஒரு கால் மட்டும் வீங்கி நோகின்றது என்பதை வாதமெனக் கருதி எண்ணெய் தடவி உருவிக்கொள்வாளாயின், கட்டி பிரிந்து நெஞ்சுக்குச் செல்லும் ஆபத்துண்டு. அவளுக்கு வேண்டியது கதீற்றர் பற்றிய விரிவுரையன்று. ஒரு கால் மட்டும் வீங்கினாலும், காரணமின்றி மூச்சு முட்டினாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டுமென்னும் இரண்டு வாக்கியங்கள், அவளுடைய தமிழில், அவளுக்கு வேளையோடு சொல்லப்படுதலே வேண்டும். நெடுந்தூரம் பேருந்திலும் விமானத்திலும் செல்வோர் இடையிடையே எழுந்து நடக்க வேண்டும் என்பதும் அத்தகைய ஒரு வாக்கியமே. பிள்ளைகளைக் காணக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பறக்கும் முதியோர் நிறைந்த சமுதாயம் நம்முடையது.

சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும்போதும் மொழி குறுக்கிடுகின்றது. வடிகட்டி பொருத்தப்படும் ஒருவருக்கு, அது பின்னர் எடுக்கப்பட வேண்டியது என்பது விளங்கும் மொழியிற் கூறப்படாவிட்டால், அவர் மீள வரமாட்டார். கம்பி உடலினுள்ளே கிடக்கும். வோபரின் உண்பவர் ஏன் குருதிச் சோதனைக்கு வர வேண்டும் என்பதை அறியாவிடின், மருந்தே நஞ்சாகும். விளங்காத ஒப்பம் ஒப்புதலாகாது.

ஆகவே, கிறீனும் அவர்தம் மாணாக்கரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கவேண்டிய பணி ஒன்று நம்முன் உள்ளது. பாடநூல்கள் அனைத்தையும் தமிழாக்குதல் இன்றைய தேவையன்று. நோயாளியும் தாதியும் மருத்துவ மாணவனும் ஒரே மேசையில் அமர்ந்து புரிந்துகொள்ளத்தக்க மருத்துவத் தமிழ் உரைநடையை வளர்த்தலே தேவை. கதீற்றர் என்பதற்குத் தூய தமிழ்ச்சொல் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கெமிஸ்தம் என்று அட்டையில் அச்சிட்டவர்கள் நமக்கு அத்துணிவைத் தந்துள்ளனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இலக்கிய விழாவோடு நின்றுவிடாது மருத்துவ பீடத்தாரோடு கைகோத்து இப்பணியை மேற்கொள்ளுதல் பொருத்தமாகும்.

நல்லூர் அரசு வீழ்ந்தும் பரராசசேகரம் பிழைத்தது, மக்கள் மொழியிலிருந்தமையால். மானிப்பாய் நூல்கள் மக்கள் மொழியிலிருந்தும் அவ்வழிக் கல்வி நின்றது, நிறுவனம் துணைநில்லாமையால். மருத்துவ பீடம் தோன்றியும் தடைப்பட்டது, பாதையும் அமைதியும் அறுந்தமையால். அறிவு, நிறுவனம், பாதை, மொழி என்னும் நான்கும் ஒருங்கே கூடிய காலம் இம்மண்ணின் வரலாற்றில் இதுவரை நீண்டு நிலைத்ததில்லை. அவற்றை ஒருங்குகூட்டுதல் மருத்துவருக்கு மட்டுமுரிய கடமையன்று. ஊசித்துளை வழியே செல்லும் குழாய் ஓர் உயிரைக் காக்கும். அக்குழாய் எல்லா உயிர்க்கும் எட்டுமாறு செய்தல் சமுதாயத்தின் கடமையாகும்.